மனு யாருடைய மேசைக்குப் போகிறது? அமெரிக்க ஆக்கவுரிமை அலுவலகம் பற்றி வன்னியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியால் கொஞ்சத் தூரம் போனால் ஒரு இரும்புப் பட்டறை வரும். பட்டறை அண்ணைக்கு இப்போது வயது 67. லான்ட்மாஸ்டர் எஞ்சினில் பெல்ட் மாட்டி ஓடுகிற, கச்சான் (நிலக்கடலை) கோது உடைக்கும் யந்திரம் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார். சல்லடைக்கு மேலே சுழலும் கட்டைகளில் பழைய டயரைச் சீவி ஒட்டியிருப்பதுதான் அதன் சூட்சுமம். கோது நொறுங்கும், பருப்பின் தோல் உரியாது. விதைக்கு எடுப்பவர்களுக்கு அந்தத் தோல் முக்கியம்.

என் தமக்கையின் மகன் நியூ ஜேர்சியில் எஞ்சினியர். விடுமுறையில் வந்தவன் இதைப் பார்த்துவிட்டு, சல்லடையின் சரிவை மாற்றுகிற ஒரு ஏற்பாட்டைத் தானும் சேர்த்து, இரண்டு பேருடைய பெயரிலும் அமெரிக்காவில் ஆக்கவுரிமைக்கு (பேட்டன்ட்) விண்ணப்பம் போட்டான். நாங்களும் அதை மறந்துபோனோம். ஒரு நாள் விடிய ஐந்து மணிக்கு போன்.

"மாமா, விண்ணப்பம் கைவிடப்பட்டதாம். பணிப்பாளருக்கே ஒரு மனு எழுதி, செனட்டருக்கும் ஒரு பிரதி போடுவமே?"

முப்பது வருடத்துக்கு மேல் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவன் நான். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் அதை ஏஜீஏ ஒஃபிஸ் என்றுதான் சொல்வார்கள். காணி, நட்டஈடு, வீட்டுத்திட்டம், இறப்புச் சான்றிதழ் என்று எத்தனையோ மனுக்கள் என் கையால் போயிருக்கின்றன. அடியில் "பிரதிகள்: சனாதிபதி, ஆளுநர், அரசாங்க அதிபர், பாராளுமன்ற உறுப்பினர்" என்று ஏழு பேரைப் போட்ட மனுவுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த மேசைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொரு மேசையும் இருந்துவிடும். ஆகவே மருமகனிடம் (அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்), "முதலில் இது யார் தீர்க்கிற விஷயம் என்று பார், அப்புறம் எழுது" என்றேன். பிறகு நான்கைந்து இரவுகள் வாட்ஸ்அப்பில் இருந்து அந்த அலுவலகத்தின் விதிகளைப் படித்தோம். அப்போது பிடிபட்டதை இங்கே எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. பெரிய பணம் தங்கியிருக்கிற விண்ணப்பம் என்றால் அங்கே பதிவுபெற்ற ஆக்கவுரிமை முகவர் ஒருவரைப் பிடியுங்கள்.

முதற்படி: வந்த கடிதம் என்ன சொல்கிறது?

கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கடிதத்தைப் படியுங்கள். அதில் மூன்று வகையான சங்கதி இருக்கலாம்.

ஒன்று, நிராகரிப்பு. உங்கள் உரிமைக்கோரல் (எது எனக்குரியது என்று விண்ணப்பத்தில் நீங்கள் கேட்பது) புதியதல்ல, அல்லது அந்தத் துறையில் வேலை செய்பவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதுதான் என்று பரிசோதகர், அதாவது விண்ணப்பத்தை ஆராயும் அதிகாரி, சொல்கிறார். இது சரக்கைப் பற்றிய தீர்ப்பு. இதற்கு மனு போடக்கூடாது. போட்டால், இது மனுவுக்குரிய விஷயமல்ல என்று தள்ளிவிடுவார்கள். போக வேண்டியது மேன்முறையீடு. உரிமைக்கோரல்கள் இரண்டு தடவை நிராகரிக்கப்பட்ட பிறகு ஆக்கவுரிமை விசாரணை மற்றும் மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம். அங்கே குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு தீர்ப்புச் சொல்லும்.

இரண்டாவது, ஆட்சேபம் அல்லது நடைமுறைக் கட்டளை. படம் சரியில்லை, திருத்தத்தை ஏற்கமாட்டோம், ஒரே விண்ணப்பத்தில் இரண்டு கண்டுபிடிப்பு இருக்கிறது, ஒன்றைத் தெரிவுசெய் என்பது போன்றவை. மனுவுக்குரிய இடம் இதுதான்.

மூன்றாவது, நேரத்துக்குப் பதில் வராததால் விண்ணப்பம் கைவிடப்பட்டது, அதற்கு இனி உயிரில்லை என்ற அறிவித்தல். எங்களுக்கு வந்தது இதுதான்.

நிராகரிப்புக்கு மேன்முறையீடு, ஆட்சேபத்துக்கு மனு என்பது பொது விதி. ஆனால் ஒரே தவறு இரண்டு பக்கமும் விழுவதுண்டு. விண்ணப்பம் போட்ட பிறகு, முதலில் எழுதாத ஒரு புதிய விஷயத்தை விவரணையில் (கண்டுபிடிப்பை விளக்கி எழுதும் பகுதியில்) செருகிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதகர் அதை விவரணையிலிருந்து நீக்கச் சொன்னால் அது ஆட்சேபம், மனு போடலாம். அதே புதிய விஷயம் உரிமைக்கோரலுக்குள்ளும் புகுந்திருந்தால் அந்தக் கோரல் நிராகரிக்கப்படும், அப்போது அது மேன்முறையீட்டுக்குரியதாகிவிடும்.

இரண்டாம் படி: மேசையைக் கண்டுபிடியுங்கள்

காகிதத்தில் பார்த்தால் எல்லா மனுவும் பணிப்பாளருக்குத்தான். சட்டம் அதிகாரத்தை அவரிடம்தான் கொடுத்திருக்கிறது. ஆனால் அவர் அதைப் பங்கிட்டுக் கீழே கொடுத்துவிட்டார். எங்கள் ஊரில் அரசாங்க அதிபருக்கு எழுதிய கடிதம் கடைசியில் காணிக் கிளைக்கு வருகிற மாதிரித்தான். யாருக்கு எந்த அதிகாரம் என்ற பட்டியல், பரிசோதகர்களுக்கான நடைமுறைக் கைந்நூலில் 1000ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. 1002.02 என்ற பிரிவைத் திறந்தால், அதிகாரி ஒவ்வொருவருக்கும் ஒரு எழுத்துப் போட்டு, அவர் தீர்க்கக்கூடிய மனுக்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எங்கள் கச்சேரிகளிலும் (மாவட்டச் செயலகங்களிலும்) இப்படி ஒரு பட்டியல் வாசலில் தொங்கியிருந்தால் எத்தனை பேருடைய பஸ் காசு மிஞ்சியிருக்கும் என்று அதைப் படிக்கும்போது நினைத்தேன்.

கீழிருந்து வருவோம். பரிசோதகருக்கு மேலே மேற்பார்வைப் பரிசோதகர். அவரிடம் இருப்பவை சின்ன விஷயங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தால் விளக்க முடியாது, வண்ணப்படம் போட அனுமதி தாருங்கள் என்ற மனு அவருடையது.

அவருக்கு மேலே தொழில்நுட்ப மையத்தின் பணிப்பாளர். துறை துறையாக மையங்கள் உண்டு, எங்களுடையது போன்ற யந்திரம் இயந்திரவியல் பக்கத்து மையம் ஒன்றுக்குப் போகும். பரிசோதகர் நடந்துகொண்ட முறையைப் பற்றிய முறைப்பாடுகளில் பெரும்பங்கு இந்த மேசைக்குத்தான். இறுதி நிராகரிப்பை அவசரப்பட்டு எழுதிவிட்டார், திருத்தத்தைக் கோவையில் (ஃபைலில்) சேர்க்க மறுக்கிறார், கண்டுபிடிப்பைப் பிரிக்கச் சொன்னது நியாயமில்லை என்பவை எல்லாம் இங்கே வரும்.

பிரிக்கச் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. யந்திரத்துக்கும், அதைக் கொண்டு கச்சான் உடைக்கும் முறைக்கும் சேர்த்து உரிமை கேட்டால், இது இரண்டு கண்டுபிடிப்பு, ஒன்றைத் தெரிவுசெய் என்று சொல்லக்கூடும். உடனே மனு எழுத ஓடாதீர்கள். முதலில் பரிசோதகருக்கே பதில் எழுதி, காரணம் காட்டி மறுபரிசீலனை கேட்க வேண்டும். கேட்கும்போதே, மறுப்புடன் என்றாலும், ஒன்றைத் தெரிவுசெய்தாக வேண்டும். அதன் பிறகும் அவர் விடாப்பிடியாக நின்றால்தான் மனு. அந்த மனுவை இறுதி நடவடிக்கை வரும் வரைக்கும் ஆறப்போடலாம், மேன்முறையீடு போட்ட பிறகு போட முடியாது. முதற் பதிலில் வாய் திறக்காதவருக்குப் பிறகு மனு போடும் உரிமை இல்லை.

அடுத்தது மனுக்கள் அலுவலகம். பெயரைப் பார்த்து எல்லா மனுவும் இங்கேதான் என்று நினைத்துவிடுவோம், தம்பியும் அப்படித்தான் நினைத்தான். இங்கே வருபவை உண்மையில் குறிப்பிட்ட சிலதான். கைவிடப்பட்ட விண்ணப்பத்தை உயிர்ப்பிப்பது, கிடைத்த உரிமை தொடர்வதற்குக் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணத்தைத் தவறவிட்டால் பிந்தி ஏற்கக் கேட்பது, அசாதாரண நிலைமையில் ஒரு விதியைத் தளர்த்தக் கேட்பது போன்றவை. விதியைத்தான் தளர்த்துவார்கள். பாராளுமன்றம் மாதிரியான அவர்களுடைய காங்கிரஸ் எழுதிய சட்டத்தைத் தளர்த்த இந்த அலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை.

மேன்முறையீட்டுச் சபையில் நடக்கும் வழக்கு சம்பந்தமான மனு அந்தச் சபையின் தலைமை நீதிபதி பக்கம் போகும். முகவர்களின் பதிவு, ஒழுக்கம் எல்லாம் வேறு கிளை. உங்களுக்கும் எனக்கும் அவை தேவைப்படாது.

யாருமே தீர்க்காத மனுவும் உண்டு. கண்டுபிடித்தவர்களில் ஒருவருக்காவது 65 வயது நிறைந்திருந்தால், விண்ணப்பத்தை வரிசையில் முன்னுக்கு எடுக்கச் சொல்லி மனுப் போடலாம். கட்டணம் கிடையாது. இணையத்தில் இதற்கென்று இருக்கும் மின்மனுவை நிரப்பி அனுப்பினால் கணினியே அந்த நிமிடத்தில் அனுமதித்துவிடும். பட்டறை அண்ணைக்கு 67 வயது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த மனு இருப்பது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

மூன்றாம் படி: எங்கள் கதையில் எந்தக் கதவு?

இறந்த விண்ணப்பத்துக்கு இரண்டு கதவு இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதற் கதவு, "கைவிடப்பட்டது என்ற முடிவே பிழை, அதை மீளப் பெறுங்கள்" என்பது. கட்டணம் இல்லை. தொழில்நுட்ப மையம் தீர்க்கும். பரிசோதகரின் கடிதம், பதிவில் இருக்கும் சரியான முகவரிக்கு வந்து சேரவேயில்லை என்று காட்ட முடிந்தவருக்கு உரிய கதவு இது. கடிதங்கள் எப்படிப் பதியப்படுகின்றன, கோவையில் தேடியும் கிடைக்கவில்லை என்பதையெல்லாம் ஆதாரத்தோடு எழுத வேண்டும்.

இரண்டாவது, "கைவிடப்பட்டது உண்மைதான், ஆனால் அது வேண்டுமென்று நடந்ததல்ல, உயிர்ப்பியுங்கள்" என்பது. கட்டணம் உண்டு, அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. மனுக்கள் அலுவலகம் தீர்க்கும்.

தம்பி முதற் கதவில்தான் நின்றான். காசில்லாத கதவல்லவா. "கடிதம் எனக்கு வரேல்லை மாமா, சத்தியமா" என்றான். எந்த முகவரிக்குப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகுதான் சொன்னான், பழைய அபார்ட்மென்டுக்கு என்று. வீடு மாறினவன் மின்சாரக் கம்பனிக்குச் சொன்னான், வங்கிக்குச் சொன்னான், ஆக்கவுரிமை அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடிதங்களைத் தொலைத்த எங்கள் சனத்துக்கு இது புதிதல்ல. ஆனால் அங்கே முகவரியை மாற்ற ஒரு படிவம் போதும், அதைப் போடாதது எங்கள் பிழை. கடிதம் பதிவிலிருந்த முகவரிக்குச் சரியாகவே போயிருக்கிறது. ஆக, எங்களுக்கு இரண்டாவது கதவுதான்.

உயிர்ப்பிக்கும் மனுவில் மூன்று விஷயம் சேர்ந்தே போக வேண்டும்: கொடுக்கத் தவறிய அந்தப் பதில், மனுக் கட்டணம், முழுத் தாமதமும் வேண்டுமென்று நடந்ததல்ல என்ற கூற்று. முதலாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, பரிசோதகர் கேட்ட கேள்விக்குப் பதிலே வைக்காமல் அனுப்பினால் மனு நிற்காது. முந்திய காலத்தில் "தவிர்க்க முடியாத" தாமதம் என்று இன்னொரு வகையும் இருந்தது. அதை 2013 டிசம்பரோடு எடுத்துவிட்டார்கள், இப்போது "வேண்டுமென்று அல்ல" என்ற ஒரே அளவுகோல்தான். கைவிடப்பட்டு இரண்டு வருடத்துக்கு மேல் போயிருந்தால் வெறும் கூற்றுப் போதாது, தாமதத்தை விளக்கியும் எழுத வேண்டும், கட்டணமும் கூடும். சிறிய விண்ணப்பதாரருக்கு அந்த அலுவலகத்தின் கட்டணங்களில் பெரும்பாலானவற்றில் 60 வீதம் கழிவு உண்டு. வருமானமும் முன்பு போட்ட விண்ணப்பங்களும் குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்டவருக்கு 80 வீதம்.

அந்தக் கூற்றில் கையெழுத்து வைக்கும்போது யோசியுங்கள். காசில்லாமல் "இப்போதைக்கு விடுவம்" என்று தீர்மானித்துக் கைவிட்டிருந்தால் அது வேண்டுமென்று செய்ததுதான். பொய்யாகக் கையெழுத்து வைத்து உரிமை கிடைத்தாலும், பிற்காலத்தில் நீதிமன்றத்தில் அந்தப் பொய்யே உரிமையைக் கவிழ்க்கலாம்.

நான்காம் படி: நாளை எண்ணுங்கள்

பொதுவான மனுவுக்கு, நீங்கள் எதிர்க்கிற கடிதத்தின் திகதியிலிருந்து இரண்டு மாதம். விதி 1.181 அப்படிச் சொல்கிறது. கட்டணம் கட்டி இதை நீட்டவும் முடியாது. கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், அதில் போட்டிருக்கும் திகதியிலிருந்து எண்ணுங்கள்.

இதைவிட ஆபத்தான விஷயம் ஒன்று. மனுப் போட்டதால் மற்ற மணிக்கூடு நிற்காது. பரிசோதகரின் கடிதத்துக்குப் பதில் கொடுக்கப் பெரும்பாலும் மூன்று மாதம் தருவார்கள், கட்டணம் கட்டி நீட்டினாலும் ஆறு மாதத்தைத் தாண்ட முடியாது. மனுவுக்குத் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்தால், தீர்ப்பு வரும் நேரம் விண்ணப்பம் இறந்திருக்கும். மனு ஒரு பக்கம் போகட்டும், பதிலையும் நேரத்துக்குக் கொடுங்கள்.

இங்கிருந்து செய்பவர்களுக்கு நேர வித்தியாசமும் ஒரு கணக்கு. அவர்களுடைய நாள் வேர்ஜீனியா நேரப்படி நள்ளிரவில் முடிகிறது. கோடையில் அது எங்களுக்கு அடுத்த நாள் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. கிளிநொச்சித் தபாற்கந்தோரில் பதிவுத் தபால் போட்டுச் சிட்டையை வைத்திருந்தும் பிரயோசனமில்லை. அமெரிக்கத் தபாலில் போட்டதற்குத்தான் தபாலிட்ட நாள் கணக்கு, வெளிநாட்டுத் தபால் அங்கே போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு. இணையத்தில் அனுப்புங்கள்.

ஐந்தாம் படி: எழுதுவது

"பெருமதிப்புக்குரிய ஐயா, தங்கள் மேலான சமுகத்திற்குத் தாழ்மையுடன்" என்று தொடங்கி, யுத்தம், இடப்பெயர்வு, மெனிக் பாம் முகாம், வீடு கட்டிய கடன் என்று இரண்டு பக்கம் போகிற மனுவை நானே ஆயிரம் எழுதியிருக்கிறேன். இங்கே அது வேண்டாம். நடந்தது, பொருந்தும் விதி, கேட்கும் நிவாரணம், இந்த மூன்றும்தான். நடந்ததை நாங்கள் எழுதியது இவ்வளவுதான்:

"பரிசோதகரின் கடிதம் பதிவிலிருந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது. விண்ணப்பதாரர் அதற்கு நான்கு மாதம் முன்பே அங்கிருந்து வெளியேறியிருந்தார். முகவரி மாற்றத்தை அலுவலகத்துக்கு அறிவிக்கத் தவறிவிட்டார். கைவிடப்பட்ட அறிவித்தலை இணையக் கோவையில் கண்ட அன்றே இந்த மனுவைத் தயாரிக்கத் தொடங்கினார்."

தம்பி மூன்றாவது வசனத்தை எடுத்துவிடுவமா என்று கேட்டான். நான் விடவில்லை. அதுதான் தாமதம் வேண்டுமென்று நடக்கவில்லை என்பதைக் காட்டுகிற வசனம்.

ஒரு மனுவில் ஒரு விஷயம்தான். இது என் அறிவுரை அல்ல, அவர்களுடைய விதி. வெவ்வேறு கிளைகள் பார்க்க வேண்டிய விஷயங்களைத் தனித்தனிக் காகிதத்தில் எழுதச் சொல்லி விதி 1.4 சொல்கிறது. உயிர்ப்பிக்கும் மனுவோடு, வயதைச் சொல்லி முன்னுக்கு எடுக்கும் வேண்டுகோளையும் ஒரே தாளில் எழுதப் பார்த்தான் தம்பி. பிரித்தோம். முகவரி மாற்றப் படிவத்தையும் தனியாகப் போட்டோம். செனட்டருக்குப் பிரதி போகவில்லை.

ஆறாம் படி: இல்லை என்று வந்தால்

தீர்ப்பில் கடைசிப் பந்தியைப் பாருங்கள். மறுபரிசீலனை கேட்க வழக்கமாக இரண்டு மாதம் தருவார்கள். என்ன ஆதாரம் குறைந்தது என்றும் பல நேரம் அதிலேயே எழுதியிருப்பார்கள், அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இரண்டாவது தடவை கிடைக்க வாய்ப்பு உண்டு. அலுவலகத்தின் இறுதி முடிவு வந்த பிறகு மிஞ்சுவது நீதிமன்றம். அங்கேயும் இரண்டு பாதை. மனுத் தீர்ப்பை எதிர்ப்பவர் சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவார். மேன்முறையீட்டுச் சபையின் தீர்ப்பை எதிர்ப்பவர் வாஷிங்டனிலுள்ள சமஷ்டிச் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம், அதற்கு 63 நாள்.

கொழும்பில் போட்டவர்களுக்கு

அமெரிக்காவில் கிடைக்கும் உரிமை அமெரிக்காவுக்குள் மட்டும்தான். புதுக்குடியிருப்பில் ஒருவர் அதே யந்திரத்தைச் செய்து விற்றால் அதைக் காட்டித் தடுக்க முடியாது. இங்கே பாதுகாப்பு வேண்டுமென்றால் கொழும்பு 10இல் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் போட வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம்தான் இதற்கு அடிப்படை.

இங்கே மேசைக் கணக்கு சுலபம். முடிவு பணிப்பாளர் நாயகத்தினுடையது. அது பிடிக்காவிட்டால் ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். எந்த நீதிமன்றம் என்பதில்தான் வடக்குக்காரருக்கு அலைச்சல். குடியியல் நியாயாதிக்கம் வர்த்தமானியில் கொடுக்கப்பட்ட மாகாண மேல் நீதிமன்றம், அப்படியொன்று இல்லாத மாகாணத்துக்கு மேல் மாகாணத்து மேல் நீதிமன்றம் என்று சட்டம் சொல்கிறது. அது கொழும்பில் இருக்கும் வணிக மேல் நீதிமன்றம். ஏற்கெனவே கொடுத்த உரிமையைச் செல்லாது என்று அறிவிப்பதும் நீதிமன்றத்தின் வேலைதான்.

புத்தாக்குநர் ஆணைக்குழுவுக்கு மனு அனுப்புகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்கள் கண்டுபிடிப்பாளருக்கு உதவுவார்கள், கண்காட்சி நடத்துவார்கள், பரிசு கொடுப்பார்கள். கண்காட்சியில் கிடைத்த சான்றிதழை கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு "பேட்டன்ட் எடுத்தாச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. ஆக்கவுரிமையைக் கொடுப்பது அவர்கள் அல்ல.

எங்கள் விண்ணப்பம் உயிர்த்தது. வயதுக்கான மின்மனுவும் உடனேயே அனுமதியாகி, கோவை பழையபடி அதே பரிசோதகரிடம் போனது. வரிசையில் முன்னுக்கு வந்ததால் அடுத்த கடிதமும் சுறுக்காக வந்தது. டயர் ஒட்டிய கட்டை எளிதில் தோன்றக்கூடியதுதானாம், சல்லடைச் சரிவை மட்டும் ஒத்துக்கொள்ளலாம் போலிருக்கிறதாம். பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். அண்ணை யந்திரத்தை நிற்பாட்டி, கையிலிருந்த கச்சான் தோலை ஊதித் தள்ளினார்.

"எளிதில தோணுமாமோ? எனக்குத் தோண மூண்டு வருஷம் எடுத்ததெண்டு எழுதச் சொல்லுங்கோ."

இது மனுவுக்குரியதல்ல, பரிசோதகருக்கான பதிலில் எழுத வேண்டியது. கடைசித் திகதியைப் பட்டறைக் கலண்டரில் சிவப்பால் வட்டம் போட்டுவிட்டு வந்தேன்.